பெரிய ஈரநிலங்களில் உயிர் எங்கே அதிகம்? பந்தனால், ஒக்கவாங்கோ, எவர்கிளேட்ஸ்

நாணற்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். பிப்ரவரி 2 உலக ஈரநில நாளுக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பெரிய சுவர் அட்டவணை தயாரிக்கிறார்கள். உலகின் பெரிய ஈரநிலங்களை எடுத்து, எதில் எத்தனை வகை உயிரினம் என்று எழுதி, முதல் இடம் எதற்கு என்று அறிவிப்பதாகத் திட்டம். மூன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்: பிரேசில், பொலிவியா, பராகுவே மூன்றிலும் பரவிக் கிடக்கும் பந்தனால், போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ டெல்டா, அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ்.

இரண்டு நாளாக எண்கள் குழப்புகின்றன. பந்தனாலின் பறவைகள் ஒரு பட்டியலில் 463, இன்னொன்றில் 650க்கு மேல். ஒக்கவாங்கோவின் மீன்கள் ஓரிடத்தில் 71, யுனெஸ்கோ பதிவில் 89. எவர்கிளேட்ஸ் பூங்காவிலோ ஏறக்குறைய 300 வகை மீன் என்கிறார்கள். அது ஒக்கவாங்கோவைப் போல மூன்று மடங்குக்கு மேல். நம்ப முடியவில்லை. எந்த எண்ணை எழுதச் சொல்வது? தப்பான கணக்கைப் பிள்ளைகள் கையில் கொடுக்க மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்கணக்கு எழுதியது:

டீச்சர், நீங்கள் சொன்ன எண்கள் எல்லாமே சரிதான். எதை எண்ணினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பந்தனால் என்பது ஒரு தட்டுபோன்ற சமவெளி. அதைச் சுற்றி மேட்டு நிலம். அந்த மேட்டிலிருந்து இறங்கும் ஆறுகள்தான் தட்டை நிரப்புகின்றன. வெள்ளம் ஏறும் சமவெளியை மட்டும் எடுத்தால் 463 பறவை. சுற்றியுள்ள மேட்டுக்காடுகளையும் சேர்த்தால் 650ஐத் தாண்டும். எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோமோ அதைப் பொறுத்து எண் மாறும்.

ஒக்கவாங்கோவில் 71 என்பது 2006இல் வந்த ஒரு தொகுப்பின் கணக்கு. அதே தொகுப்பில் தாவரம் சுமார் 1300, பறவை 444, பாலூட்டி 122. யுனெஸ்கோ பதிவில் தாவரம் 1061, பறவை 482, பாலூட்டி 130. பாருங்கள், ஒன்றில் தாவரம் கூடுகிறது, இன்னொன்றில் பறவை கூடுகிறது. எவர்கிளேட்ஸின் 300 மீனில் ஃபுளோரிடா விரிகுடாவின் உப்புநீர் மீன்களும் சேர்த்தி. தேசியப் பூங்காவின் எல்லை கடலுக்குள்ளும் போகிறது. ஒக்கவாங்கோ கடலையே பார்க்காத டெல்டா. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் எழுதினால் அது நியாயமான ஒப்பீடு ஆகாது.

அப்புறம் பரப்பளவு. பந்தனால் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒக்கவாங்கோ ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி விரியும், பெருவெள்ளத்திலும் 15,000ஐ ஒட்டித்தான். எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா சுமார் 6100. சூழலியலில் ஒரு பழைய கணக்கு உண்டு: இடம் பத்து மடங்கு ஆனால் வகைகள் ஏறக்குறைய இரு மடங்கு ஆகும். அதனால் பந்தனால் முதலிடம் என்று அறிவித்தால், பெரியது பெரியதாக இருக்கிறது என்று மட்டும்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

2006இல் வொல்ப்காங் யுங்க் என்ற ஜெர்மன் சூழலியலாளரும் சக ஆய்வாளர்களும் ஏழு ஈரநிலங்களை ஒப்பிட்டு எழுதினார்கள். உங்கள் மூன்றுடன் கனடாவின் கரிச்சேற்று நிலங்கள், சுந்தரவனம், கம்போடியாவின் தொன்லே சாப், ஆஸ்திரேலியாவின் ககாடு. அவர்களுக்கும் இதே தலைவலி. முதுகெலும்பிகளுக்கும் பூக்கும் தாவரங்களுக்கும் ஓரளவு பட்டியல் உண்டு. பூச்சி, பாசி என்று போனால் ஓரிடத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது.

கரையான்புற்று எழுதியது:

போட்ஸ்வானாவின் மவுன் ஊரில் ஒன்பது ஆண்டுகள் கணக்காளராக இருந்தேன். ஒக்கவாங்கோவின் வாசல் அந்த ஊர். பறவை எண்ணிக்கையைவிட அந்தத் தண்ணீர் எப்போது வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் டீச்சர். எனக்கு அதுதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

மழை பெய்வது அங்கோலா மேட்டில், நவம்பர் முதல் மார்ச் வரை. அந்தத் தண்ணீர் கூபாங்கோ, குயிட்டோ என்ற இரண்டு ஆறுகளாக இறங்கி, ஒன்று சேர்ந்து, போட்ஸ்வானாவுக்குள் நுழைந்து, கலஹாரி மணலில் விரல்களைப்போல் விரிகிறது. நிலம் அவ்வளவு தட்டை, நாணலும் பாப்பிரஸ் கோரையும் அவ்வளவு அடர்த்தி. தண்ணீர் நடந்து வருவதுபோல்தான் வரும். டெல்டாவின் தலையில் ஏப்ரல் வாக்கில் உச்சம். மவுனுக்கு வந்து சேர ஜூலை, ஆகஸ்ட். அதாவது அங்கே ஒரு துளி மழை இல்லாத, புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும் குளிர்காலத்தில்தான் வெள்ளம் வருகிறது. எங்கள் ஊரில் வறண்ட ஆற்றுப்படுகைக்கு ஜனங்கள் வண்டி எடுத்துக்கொண்டு போவார்கள், தண்ணீரின் முனை ஊர்ந்து வருவதைப் பார்ப்பதற்கு. முன்னால் ஓர் அடி அகல ஈரம், அதன் மேல் சருகும் நுரையும், ஓடுகிற பூச்சிகளைக் கொத்தப் பின்னாலேயே பறவைகள். முதல் முறை பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டதும் வாய்க்கால் ஓரம் ஓடிய பையன் நான்.

சுற்றிலும் நூறு மைலுக்குத் தண்ணீர் இல்லாத நேரத்தில் இங்கே வெள்ளம் என்றால் என்ன ஆகும்? யானை, எருமை, வரிக்குதிரை, லெச்வே மான் எல்லாம் இங்கே வரும். போட்ஸ்வானா முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேல் யானைகள். வறண்ட மாதங்களில் அவற்றில் பெரிய பங்குக்கு இந்த டெல்டாவும் வடக்கே உள்ள ஆறுகளும்தான் கதி. மழையும் வெள்ளமும் ஒரே மாதத்தில் வந்திருந்தால் இந்தக் கூட்டம் இருந்திருக்காது.

தீவுகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன், என் பெயருக்கே அதுதான் காரணம். டெல்டாவுக்குள் ஆயிரக்கணக்கான தீவுகள். பெரும்பாலானவை கரையான் புற்றில் தொடங்கியவை. வெள்ளம் வற்றிய ஆண்டுகளில் கரையான் மேடு கட்டும். மறுபடி வெள்ளம் வரும்போது அந்த மேடு மட்டும் நீருக்கு மேலே நிற்கும். பறவை உட்காரும், எச்சத்தில் விதை விழும், மரம் முளைக்கும். மரங்கள் ஓரத்தில் நின்று நிலத்தடி நீரை உறிஞ்சும். நீர் ஆவியாகிப் போகும், அதிலிருந்த உப்பு தீவின் நடுவில் சேரும். அதனால் பெரிய தீவுகளின் நடுப்பகுதி வழுக்கையாக, உப்புப் பூத்துக் கிடக்கும். சுற்றியுள்ள தண்ணீர் மட்டும் நல்ல தண்ணீராகவே இருக்கும். கடலுக்குப் போக வழியில்லாத, வரும் நீரெல்லாம் வெயிலில் போகிற ஒரு டெல்டா உப்பளமாக மாறாமல் இருப்பது இந்த மரங்களால்தான். நான் பார்த்தவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். அட்டவணையில் கரையானுக்கு ஒரு வரி கொடுங்கள்.

நாணற்காடு எழுதியது:

கரையான்புற்று சார், உங்கள் பதிவை இன்று வகுப்பில் அப்படியே வாசித்தேன். ஒரு சத்தம் இல்லை. உப்புத் தீவைக் கரும்பலகையில் வரையச் சொன்னார்கள்.

எண்கணக்கு தம்பி, ஒரு சந்தேகம். வகைகளின் மொத்தத்தை விட்டுவிட்டு, அந்த இடத்தில் மட்டுமே உள்ள, வேறெங்கும் இல்லாத உயிரினங்களை எண்ணினால்? அகணிய உயிரிகள் என்று பாடத்தில் வருகிறதே. அப்போது எல்லை, பரப்பு போன்ற தொல்லைகள் குறையுமா?

எண்கணக்கு எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் அதில் மூன்றுமே ஏறக்குறைய தோற்றுவிடும் டீச்சர். பந்தனாலுக்கே உரிய முதுகெலும்பி என்று சொல்ல அநேகமாக எதுவும் இல்லை. அங்கே இருப்பவை எல்லாம் அக்கம்பக்கத்திலிருந்து வந்தவை: வடக்கே அமேசான், கிழக்கே செராடோ புல்வெளி, தெற்கே சாக்கோ வறள்காடு. காரணம் வயதுதான். கடந்த பனியுகத்தின் வறண்ட காலங்களில் இப்போதுள்ள பந்தனால் இல்லை. புது இனம் பிரிந்து வளரும் அளவுக்கு இந்த ஈரம் நீடித்து நிற்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மூழ்கி ஒருமுறை காயும் இடத்தில் வாழ்வதற்கு இடம்பெயரத் தெரிந்திருக்க வேண்டும். இடம்பெயரத் தெரிந்தவை ஓரிடத்தில் தனித்துப் போவதில்லை.

அப்படியானால் பந்தனால் ஏழையா? இல்லவே இல்லை. வேறு இடங்களில் அரிதாகிப்போனவை அங்கே கூட்டமாக இருக்கின்றன. ஜாகுவார், ராட்சத நீர்நாய், சதுப்புமான், நீலப் பஞ்சவர்ணக்கிளி. வகைகளை எண்ணும் பட்டியலில் ஜாகுவாருக்கு ஒரு எண், எலிக்கும் ஒரு எண். எத்தனை ஜாகுவார் என்பது அதில் தெரியாது.

மரப்பாலம் எழுதியது:

பந்தனால் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். சாவ் பாவ்லோவில் வேலையில் இருந்தபோது 2018 ஆகஸ்டில் போனேன். போக்கோனே ஊரிலிருந்து போர்ட்டோ ஜோஃப்ரே வரை ஒரு மண்சாலை, ஏறக்குறைய 145 கிலோமீட்டர், வழியெல்லாம் நூற்றுக்கு மேல் மரப்பாலங்கள். வறண்ட காலம் என்பதால் ஒவ்வொரு பாலத்தின் கீழும் குட்டை சுருங்கிக் கிடந்தது. அந்தக் குட்டையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு கைமன் முதலைகள். ஒரு பாலத்தின் அடியில் எண்ண ஆரம்பித்து 80க்கு மேல் விட்டுவிட்டேன். பந்தனால் முழுவதும் சுமார் ஒரு கோடி கைமன் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். கரையில் ஆளுயரத்துக்கு ஜபிரு நாரை, அதன் காலடியில் கேப்பிபாரா குடும்பம்.

தங்கியது ஒரு மாட்டுப் பண்ணையில். பிரேசில் பக்கத்துப் பந்தனாலில் ஏறக்குறைய 95 சதவீதம் தனியார் பண்ணை நிலம்தான். இரண்டரை நூற்றாண்டாக மாடு மேய்கிறது, ஜாகுவாரும் இருக்கிறது. தண்ணீர் ஏறும்போது மாட்டை மேட்டுக்கு ஓட்டுவார்கள், இறங்கும்போது பின்னாலேயே கொண்டு வருவார்கள்.

அங்கே ஒரு வழிகாட்டிப் பெரியவர் மாண்டுவி என்ற மரத்தைக் காட்டினார். நீலப் பஞ்சவர்ணக்கிளியின் கூடுகளில் பத்துக்கு ஒன்பது இந்த ஒரு மரத்தின் பொந்தில்தான். பொந்து போதிய அளவு பெரிதாக மரத்துக்கு 60 வயதாவது ஆக வேண்டும். அந்த மரத்தின் விதையைப் பரப்புவது யார் தெரியுமா? டூக்கான் என்ற பெரிய அலகுப் பறவை. அதே டூக்கான்தான் கிளியின் முட்டையையும் தின்கிறது. பின்னால் தேடிப் படித்தேன், ஆய்வே இருக்கிறது: மாண்டுவி விதையில் 83 சதவீதத்தை டூக்கான் பரப்புகிறது, கிளி முட்டைகள் பறிபோவதில் 53 சதவீதம் அதன் வேலை. டூக்கானை விரட்டினால் இன்றைக்கு முட்டை பிழைக்கும், அறுபது ஆண்டு கழித்துக் கூடு இருக்காது. இதை எந்த எண்ணுக்குள் அடைப்பது?

ஆனாலும் எண்ணிக்கை சில நேரம் சந்தோஷமும் தரும். 1980களின் கடைசியில் பந்தனாலில் இந்தக் கிளி சுமார் 1500தான் இருந்தது. நேவா கெடெஸ் என்ற உயிரியலாளர் 1990இல் ஆரம்பித்த வேலை, பொந்தைப் பழுதுபார்ப்பது, மரப்பெட்டிக் கூடு மாட்டுவது, பண்ணைக்காரர்களிடம் பேசுவது என்று போய், இப்போது 5000 அளவில்.

2020 தீயை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கிறது. பந்தனாலில் ஏறக்குறைய 30 சதவீதம் எரிந்தது. செத்த உடல்களைக் கோடு போட்டு நடந்து எண்ணியவர்களின் கணக்கில் 1.7 கோடி முதுகெலும்பிகள் உடனடியாக மடிந்தன. நான் தங்கிய பண்ணையும் அதில் போனது.

வரப்பு எழுதியது:

திருவாரூர்ப் பக்கம் விவசாயம். பந்தனால் நமக்கு அப்படி ஒன்றும் தூரத்தில் இல்லை என்று சொல்லவே இந்தப் பதிவு. நம் ஏரி, வாய்க்கால், குளம் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு நிற்கிறதே வெங்காயத்தாமரை, ஆகாயத்தாமரை என்றும் சொல்வோம், அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அமேசானிலும் பந்தனாலிலும் அது ஊர்க்காரச் செடி. அங்கே அது ஏன் எல்லாவற்றையும் மூடிவிடவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் எனக்கும் உபயோகம். ஒவ்வொரு ஆண்டும் வாய்க்காலில் அதை வாரி வாரிக் கை ஓய்ந்துவிட்டது.

எண்கணக்கு எழுதியது:

வரப்பு ஐயா, இரண்டு காரணம் உறுதியாகச் சொல்லலாம்.

முதலாவது, அங்கே அதைத் தின்பவை உண்டு. நியோகெட்டினா என்ற கூன்வண்டு இலையைச் சுரண்டும், அதன் புழு தண்டைத் துளைக்கும். 1980களில் அதே வண்டை இந்தியாவுக்கும் கொண்டுவந்து விட்டார்கள். சில இடங்களில் பலன் கிடைத்தது, எல்லா இடத்திலும் இல்லை.

இரண்டாவது, அங்கே நீர் இறங்கிவிடும். வெள்ளத்தில் மிதந்து பரவிய செடி, வறண்ட மாதங்களில் தரைதட்டிக் காய்ந்து செத்து உரமாகும். நம் ஏரிகளில் சாக்கடை வருடம் முழுக்க வருகிறது. தண்ணீரும் வற்றுவதில்லை, சத்தும் குறைவதில்லை. செடிக்கு வேறென்ன வேண்டும்?

அங்கே அந்த மிதவைக்கு அடியில்தான் மீன்குஞ்சுகள் வளர்கின்றன. வேரில் தொங்கும் பூச்சிகளும் இறால் வகைகளும் அவற்றுக்குத் தீனி. அதே செடி, ஓரிடத்தில் தொட்டில், இன்னோரிடத்தில் மூடி.

தென்முனை எழுதியது:

எவர்கிளேட்ஸைப் பற்றி யாரும் எழுதவில்லையே. மயாமிக்குத் தெற்கே பதினொரு ஆண்டாகக் குடியிருக்கிறேன்.

மேலே தண்ணீரின் நேரத்தைப் பேசினீர்கள். எவர்கிளேட்ஸில் நேரத்தோடு சத்துக் குறைவையும் பேச வேண்டும். ஒக்கீச்சோபி ஏரியிலிருந்து கடல் வரை, கண்ணுக்குத் தெரியாத சரிவில், பல பத்து கிலோமீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் விரிப்புபோல் மெல்ல நகரும். அதில் பாஸ்பரஸ் நூறு கோடிக்கு 10 பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது இங்கே சட்ட அளவு. அவ்வளவு மெலிந்த தண்ணீர்! விளிம்பில் ரம்பப் பல் உள்ள ஒரு கோரைதான் இங்கே ராஜா, ஏழ்மையில் வாழப் பழகியது. கரும்புத் தோட்டங்களிலிருந்து உரம் கலந்த நீர் வந்தபோது அந்தக் கோரை போய், சம்பு காடாக மண்டிவிட்டது. நம்மூரில் உரம் போட்டால் விளையும் என்போம். இங்கே உரம் விழுந்த இடத்தில்தான் உயிர் குறைந்தது. வகை குறைவாக இருந்தால் அது நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நீர் இறங்குவது இங்கேயும் முக்கியம். மரநாரை என்ற பறவை, நம் வேடந்தாங்கலுக்கு வரும் சங்குவளை நாரைக்குப் பங்காளி, ஒரே பேரினம். அலகைத் திறந்து தண்ணீரில் அலைந்து, மீன் தட்டுப்பட்டதும் மூடும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. அதனால் குட்டை வற்றி மீன் நெருக்கமானால்தான் குஞ்சுக்கு இரை போதும். கால்வாய் வெட்டித் தண்ணீரைத் தப்பான நேரத்தில் திறந்துவிட்டால், மீன் சிதறிவிடும், நாரை கூட்டை விட்டுப் போய்விடும். கூடு கட்டும் நீர்ப்பறவைகள் 1930களுடன் ஒப்பிட்டால் பெரும் சரிவு. வறண்ட காலத்தில் அலிகேட்டர் முதலைகள் தோண்டி வைக்கும் பள்ளங்களில்தான் மீதித் தண்ணீர் தேங்கும். மீன், ஆமை, பறவை எல்லாம் அங்கே ஒதுங்கும்.

பர்மிய மலைப்பாம்பைச் சொல்லாமல் முடிக்க முடியாது. வளர்ப்புப் பிராணியாக வந்து காட்டுக்குள் விடப்பட்டது. 2012இல் வந்த ஆய்வு, சாலையோரக் கணக்கெடுப்பை வைத்து, அந்தப் பாம்புக்கு இரையாகும் பாலூட்டிகளைப் பற்றிச் சொன்னது: ரக்கூன் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைவு, ஒப்போசம் 98க்கு மேல், பாப்கேட் 87க்கு மேல். பட்டியலைப் பாருங்கள், ரக்கூன் இன்னும் இருக்கிறது. ஒரு வகையும் குறையவில்லை, கூடவே ஒரு பாம்பும் சேர்ந்திருக்கிறது! எண்ணிக்கைப்படி பல்லுயிர் வளம் ஒன்று கூடிவிட்டது. இதனால்தான் அந்த முதலிடம் அறிவிப்பதை விட்டுவிடச் சொல்கிறேன் டீச்சர்.

2017இல் இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் இங்கே வந்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை, தடம் பார்த்து, சட்டை உரித்த இடம் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. உள்ளூர்ச் செய்தியில் அவர்களைப் பார்த்த அன்று நான் அடைந்த பெருமை கொஞ்சமல்ல. சுவர் அட்டவணையில் அவர்கள் பெயர் இருக்கட்டும்.

பனிச்சேறு எழுதியது:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். மேலே ஏழு ஈரநிலம் என்ற இடத்தில் கனடாவின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எண்ணிப் பார்த்தால் அங்கே கொஞ்சம்தான் கிடைக்கும், அதனால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஹட்சன் விரிகுடாத் தாழ்நிலம் 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். பந்தனாலைவிடப் பெரிது. பாசி, பாசி, பாசி. ஸ்பாக்னம் என்ற அந்தப் பாசி தண்ணீரைப் புளிக்க வைத்து, செத்ததை அழுகவிடாமல் பல ஆயிரம் ஆண்டாக அடுக்கிக்கொண்டே போகிறது. அந்தச் சேற்றில் சத்து இல்லாததால் பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடி வாழ்கிறது. கரிச்சேற்றுக் கரையைத் தோண்டி பனிக்கரடிகள் வளை அமைக்கின்றன. இங்கே கூடு கட்டும் ஹட்சன் மூக்கன் என்ற கரைப்பறவை தென் அமெரிக்காவின் தென்கோடி வரை பறந்து போகும்.

ஒப்பீடு என்றால் வெப்பநாடு முதலிடம், குளிர்நாடு கடைசி என்று முதலே தெரிந்த பதில்தான் வரும். ஆனால் இந்தச் சேறு காய்ந்து எரிந்தால் அதிலுள்ள கரி காற்றில் போகும், அந்தச் சூடு பந்தனாலுக்கும் ஒக்கவாங்கோவுக்கும் போகும். அக்கா, பிள்ளைகளுக்கு இதையும் வடிவாகச் சொல்லிக்கொடுங்கோ.

கரையான்புற்று எழுதியது:

பனிச்சேறு சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகைகளின் எண்ணிக்கையை ஒரேயடியாகத் தூக்கி எறியவும் எனக்கு மனமில்லை, தென்முனை. ஒரே இடத்தை ஒரே முறையில் இருபது ஆண்டு எண்ணினால் அதைவிட நம்பகமான சாட்சி வேறில்லை. நீங்கள் சொன்ன ரக்கூன் கணக்கே எண்ணித்தானே தெரிந்தது? வேறு வேறு இடங்களைப் பக்கத்தில் நிறுத்தி யார் உயரம் என்று பார்க்கும்போதுதான் அது பொய் சொல்ல ஆரம்பிக்கிறது.

தென்முனை எழுதியது:

சரி, ஏற்றுக்கொள்கிறேன். எண்ணுவது தப்பில்லை, பரிசு கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு செய்தி, நல்ல செய்தி. எவர்கிளேட்ஸுக்கு நீர் தரும் கிசிமி ஆற்றை 1960களில் நேராக்கினார்கள். 166 கிலோமீட்டர் வளைந்து ஓடிய ஆறு 90 கிலோமீட்டர்க் கால்வாய் ஆனது. கரையோரச் சதுப்பு காய்ந்தது, பறவை போனது. பிறகு அதே கால்வாயின் ஒரு பகுதியை மண்போட்டு மூடி, பழைய வளைவில் ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். அந்த வேலை 2021இல் முடிந்தது. தண்ணீர் திரும்பிய இடத்துக்கு நீர்ப்பறவைகளும் திரும்பின.

நாணற்காடு எழுதியது:

இன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து எல்லாப் பதிவையும் மறுபடி வாசித்தோம். முதலிடம் என்ற வரியை அவர்களே அடித்துவிட்டார்கள். கொஞ்சம் வருத்தம்தான், பந்தனாலுக்குத் தங்க நிறத்தில் கோப்பைகூட வரைந்து வைத்திருந்தார்கள்.

புதிய அட்டவணையில் நெடுவரிசைகள் இவை: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது, அதை நம்பி யார் வருகிறார்கள், அதை யார் தடுக்கிறார்கள். எண்கள் கீழே சிறிய எழுத்தில், எந்த எல்லைக்குள் எண்ணியது என்ற குறிப்போடு. கனடாவும் சேர்ந்துவிட்டது. தொன்லே சாப் பற்றி இரண்டு வரி யாராவது சொன்னால் அதையும் சேர்ப்போம்.

ஒரு பையன் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை: தண்ணீர் ஏறப்போகிறது என்று மீனுக்கு எப்படித் தெரியும்?

எண்கணக்கு எழுதியது:

தொன்லே சாப்: மழைக்காலத்தில் மேகாங் ஆறு பொங்கி, ஏரியிலிருந்து வெளியேறும் ஆற்றையே பின்னோக்கித் தள்ளிவிடும். ஆறு திசை மாறி ஏரிக்குள் ஓடும். சுமார் 2500 சதுர கிலோமீட்டர் ஏரி பெருவெள்ளத்தில் 15,000 வரை விரியும். கரைக்காடு மூழ்கி, மீன் மரக்கிளைகளுக்கு நடுவே மேயும். மழை முடிந்ததும் ஆறு மறுபடி திசை மாறும், மீன் கூட்டம் கூட்டமாக மேகாங்குக்கு இறங்கும். வடமேற்குக் கரையில் பிரெக் தொவால் என்ற இடத்தில் கூடு கட்டும் கூழைக்கடா, நம் கூந்தங்குளத்துக்கு வருகிற அதே இனம்.

பையனின் கேள்வியை மரப்பாலம் அண்ணனிடம் விடுகிறேன். நேரில் பார்த்தவர்.

மரப்பாலம் எழுதியது:

நான் பார்த்ததும் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன். பந்தனாலில் பெரிய மீன்கள், பக்கு, டொராடோ, கெளுத்தி வகைகள், வறண்ட காலத்தின் கடைசியில் ஆற்றில் ஒதுங்கியிருக்கும். பகல் நீளும், தண்ணீர் சூடேறும், அப்போதே உடம்பில் சினை முற்றத் தொடங்கும். பிறகு முதல் மழையில் ஆறு கலங்கி ஏறத் தொடங்கியதும், அதைச் சைகையாக எடுத்துக்கொண்டு கூட்டமாக எதிர்நீச்சல் போட்டு மேலே போகும். அங்கே முட்டையிடும். முட்டையும் குஞ்சும் வெள்ளத்தோடு மிதந்து வந்து, மூழ்கிய புல்வெளியில் போய்ச் சேரும். பக்கு அங்கே பழம் தின்று விதையையும் பரப்பும். பிரேசிலில் இதற்குப் பிரசேமா என்று பெயர், அங்குள்ள துபி மொழிச் சொல். நவம்பர் முதல் சில மாதம் மீன்பிடிக்கத் தடை இருக்கும்.

மழை பொய்த்தால் சினை முற்றிய மீன் காத்துக்கொண்டே இருக்கும். 2024 அக்டோபரில் லடாரியோ ஊரின் அளவுகோலில் பராகுவே ஆறு, 1900இல் அளக்கத் தொடங்கியதிலிருந்து இல்லாத அளவுக்குக் கீழே போனது.

அந்தப் பையனிடம் இதைச் சொல்லுங்கள்: ஏரி நிரம்பிக் கலிங்கல் வழியும் அன்று ராத்திரி, புதுத்தண்ணீரில் மீன் ஏறுகிறது என்று அவன் தாத்தா டார்ச் லைட்டோடு ஓடியிருப்பார். அவரைக் கேட்கச் சொல்லுங்கள், மீனுக்கு எப்படித் தெரிந்தது, தனக்கு எப்படித் தெரிந்தது என்று.